விசாவோடு படம் எடுப்பவர்களுக்கு: நியூயார்க்கிலிருந்து சில கசப்பான குறிப்புகள்

நியூயார்க்கில் வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாகப் படம் எடுக்க நினைக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் முதலில் கேட்பது, என்ன கேமரா வாங்கலாம் என்பதுதான். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள் என்று சொல்லிவிடுவேன். கேமராவால் நான் நொந்ததே இல்லை. நான் பட்ட பாடெல்லாம் காகிதத்தால். விசா, ஒப்பந்தம், பாட்டு உரிமை, படத்தில் வருகிறவர்களிடம் வாங்கும் கையெழுத்து. பெரிய நிறுவனத்தில் படம் எடுத்தால் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத் தனித்தனியாக ஆள் இருப்பார்கள். கைக்காசைப் போட்டு, தயாரிப்பாளர் இல்லாமல், இரண்டு மூன்று நண்பர்களோடு எடுக்கிறவனுக்கு எல்லாமே அவன்தான். இதைச் சொல்ல எனக்கு அப்போது ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் 2009இல் எச்-1பி விசாவில், அதாவது ஒரு நிறுவனம் மனுப்போட்டு எடுத்துத் தரும் வேலை விசாவில், வந்தவன். பகலில் மென்பொருள் வேலை. இந்த ஊரில் அண்டர்கிரவுண்ட் சினிமா என்று, பெரிய ஸ்டுடியோக்களுக்கு வெளியே சொந்தமாக எடுக்கிற படங்களின் உலகம் ஒன்று இருக்கிறது என்பதே வந்த பிறகுதான் தெரியும். தெரிந்ததும் பித்துப் பிடித்துவிட்டது. ஏனென்றால் அதைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமான இருவர் என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள். மாயா டெரன் 1917இல் கியேவில் பிறந்து, சிறு குழந்தையாக அமெரிக்கா வந்தவர். 1946இல் கிரீன்விச் வில்லேஜில் பிராவின்ஸ்டவுன் பிளேஹவுஸ் என்ற சிறிய நாடக அரங்கை வாடகைக்குப் பிடித்துத் தன் படங்களைத் தானே திரையிட்டார். ஜோனாஸ் மேகாஸ் லித்துவேனியாக்காரர். போருக்குப் பிறகு ஜெர்மனியில் அகதி முகாம்களில் கிடந்து, 1949 கடைசியில் தம்பியோடு நியூயார்க் வந்து இறங்கி, கொஞ்ச நாளிலேயே கடன் வாங்கி ஒரு பொலக்ஸ் கேமரா வாங்கினார். வயிற்றுப்பாட்டுக்குத் தொழிற்சாலை வேலை, மற்ற நேரத்தில் கேமரா. பிறகு 1962இல் நண்பர்களோடு சேர்ந்து பிலிம்மேக்கர்ஸ் கோஆபரேட்டிவ் என்ற படம் எடுப்பவர்களின் விநியோகக் கூட்டுறவு, 1970இல் ஆந்தாலஜி பிலிம் ஆர்கைவ்ஸ் என்ற படக் காப்பகமும் அரங்கும். வந்தேறிகள் உருவாக்கிய இடம் இது, நமக்கும் ஒரு மூலை கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் தப்பில்லை. ஆனால் அகதியாகவோ குழந்தையாகவோ வந்தவர்களுக்கும் எச்-1பி விசாவில் வந்தவனுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதைப் பற்றி வருகிறேன்.

நானும் ஒரு பழைய பொலக்ஸில்தான் ஆரம்பித்தேன். சாவி கொடுத்து ஓட்டும் கேமரா, ஒரு முறை முழுசாக முறுக்கினால் அரை நிமிடத்துக்கும் குறைவாகத்தான் ஓடும். 100 அடி 16 எம்எம் சுருள் ஒன்றில் சுமார் 2 நிமிடம் 45 விநாடிதான் படம் பிடிக்கலாம். சுருளை வாங்கி, லேபில் கழுவி, ஸ்கேன் செய்து முடிக்கையில் 100 டாலரைத் தாண்டிவிடும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இரவு வேலை பார்க்கும் ஆட்களைப் பற்றிப் படம் எடுக்க நினைத்தவனுக்கு அது கட்டுப்படியாகாது. டிஜிட்டலுக்கு மாறினேன். குயின்ஸ் பகுதியில் சமையற்கட்டு, டாக்சி, பெட்ரோல் பங்க், மளிகைக் கடை என்று இரவில் உழைக்கிற நம்மவர்களைப் பற்றி முக்கால் மணி நேரப் படம். வார இறுதிகளிலும் நள்ளிரவுகளிலும் எடுத்து முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. செலவு சுமார் 14,000 டாலர். அதில் கேமராவும் லென்ஸும் பாதிகூட இல்லை. ஒலிக்கலவை, நிறத் திருத்தம், ஹார்டு டிரைவ், திரைப்பட விழாக்களுக்குக் கட்டிய பணம், அப்புறம் வழக்கறிஞர். ஊரில் அம்மாவிடம் செலவைச் சொன்னபோது, "அதுக்கு ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கலாமே" என்றார். பதில் சொல்லவில்லை.

தெருவில் படம் எடுப்பது பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அதுதான் இருப்பதிலேயே சுலபம். கையில் பிடித்த கேமராவோ ஒரு டிரைபாடோ வைத்துக்கொண்டு, நடைபாதையை அடைக்காமல், இடத்தைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளாமல் எடுத்தால் நியூயார்க் நகரத்தில் அனுமதிச் சீட்டு தேவையில்லை. வண்டி நிறுத்த இடம் வேண்டும், தெருவை மறிக்க வேண்டும் என்றால்தான் அனுமதி, அதற்கு 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடு. இந்த விதி இவ்வளவு தெளிவாக எழுத்தில் இருப்பதற்கு ஓர் இந்தியரும் காரணம். 2005இல் ஆவணப்பட இயக்குநர் ராகேஷ் ஷர்மா மன்ஹாட்டன் தெருவில் கைக்கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தபோது போலீஸ் பிடித்து வைத்து விசாரித்தது. நியூயார்க் சிவில் லிபர்டீஸ் யூனியன் என்ற குடிமை உரிமை அமைப்பு அவருக்காக வழக்குப் போட்டது. அந்த வழக்கு சமரசமான பிறகுதான் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டன. சப்வேயிலும் கையில் பிடித்து எடுக்கலாம், ஆனால் டிரைபாட், விளக்கு, ரிஃப்ளெக்டர் கூடாது. என்னைத் துரத்தியவர்கள் போலீஸ்காரர்கள் அல்ல, கட்டடக் காவலாளிகள். பார்க்கப் பொது இடம் மாதிரியே இருக்கும், பெஞ்சு இருக்கும், மரம் இருக்கும், ஆனால் தனியார் நிலம். அங்கே வாதாடிப் பயனில்லை. பத்தடி தள்ளி நகர நடைபாதைக்கு வந்துவிட்டால் போதும். விதியை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், காட்டுவதற்காக இல்லாவிட்டாலும் உங்கள் குரல் நடுங்காமல் இருப்பதற்காக.

ஆட்களைப் படம் எடுப்பதுதான் கஷ்டம். இங்கே எல்லாப் பாடப்புத்தகமும் சொல்வது: படத்தில் வருகிற ஒவ்வொருவரிடமும் ரிலீஸ் படிவத்தில், அதாவது தன்னைப் படத்தில் காட்டச் சம்மதம் என்று சொல்லும் படிவத்தில், கையெழுத்து வாங்கு. நியூயார்க் மாநிலச் சட்டத்தில் ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ வியாபாரத்துக்கோ விளம்பரத்துக்கோ பயன்படுத்த எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். ஆவணப்படத்துக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் வழக்குகள் பல உண்டு, ஆனால் படத்தை வாங்குகிற எவரும் படிவங்களைக் கேட்பார்கள். சரி. ஆனால் என் படத்தில் வருகிறவர்களில் சிலரிடம் இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதமே இல்லை. ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் மணிக்கணக்கில் பேசினார், அவ்வளவு அருமையான பேச்சு. படிவத்தை நீட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, கதைக்கிறன், எவ்வளவு வேணுமெண்டாலும் கதைக்கிறன். ஆனா என்ர பேரை ஒண்டிலயும் எழுதாதேங்கோ" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படிவம் என்னைக் காப்பாற்றும் காகிதம், அவரைக் காட்டிக்கொடுக்கும் காகிதம். பெயர், முகவரி, கையெழுத்து, தேதி, எல்லாம் என் மேசை இழுப்பறையில்.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். காகிதம் இல்லாதவர்களிடம் படிவம் வாங்கவில்லை. முகத்தை எடுக்கவே இல்லை. எடுத்துவிட்டு எடிட்டிங்கில் மங்கலாக்குவது இல்லை, எடுக்கவே இல்லை. மூலக் காட்சியில் முகம் இருந்தால் என்றைக்காவது யாராவது நீதிமன்ற ஆணையோடு வந்து கேட்கலாம். கை, முதுகு, ஆவி பறக்கும் பாத்திரம், குரல். குரலையும் சிலருக்கு வேறொருவரைப் பேசவைத்து மாற்றினேன். கைப்பேசியில் அவர்கள் பெயரைச் சேமிக்கவில்லை, கோப்புகளுக்கு இடத்தின் பெயரும் போடவில்லை. படம் முடிந்ததும் அவரவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு பேர் தங்கள் பகுதியை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன். அதில் ஒன்று படத்தின் மிகச் சிறந்த காட்சி. இன்னும் வலிக்கிறது, ஆனால் அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. மற்றவர்களிடம் படிவம் வாங்கும்போது தமிழில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, உட்கார்ந்து வாசித்துக் காட்டி, பிறகு வாங்குங்கள். ஆங்கிலத்தில் ஆறு பக்கம் நீட்டினால் நம் ஆட்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். அது சம்மதம் அல்ல.

இப்போது அந்தப் பள்ளத்துக்கு வருகிறேன். படம் ஒரு சிறிய விழாவில் தேர்வாகி, திரையிடல் கட்டணமாக 500 டாலர் தருகிறோம், இந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள் என்று கடிதம் வந்தது. கூடவே, ஒரு கலை அமைப்பு இதே மாதிரி ஒரு குறும்படம் செய்து தர 3,000 டாலர் தருவதாகச் சொன்னது. தலைகால் புரியவில்லை. ஏதோ ஒரு உள்ளுணர்வில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினேன், 300 டாலர் வாங்கினார். என் வாழ்க்கையில் உருப்படியாகச் செலவழித்த 300 டாலர் அது. எச்-1பியில் இருக்கிறவர் மனுப்போட்ட நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். அந்த 3,000 டாலர் வேலை அனுமதியில்லாத வேலை, சந்தேகமே இல்லை என்றார். பணம் வாங்காமல் செய்து கொடுக்கலாமா என்று கேட்டேன். வழக்கமாகக் காசு கொடுத்து வாங்கும் வேலையை இலவசமாகச் செய்தாலும் அது வேலையாகவே பார்க்கப்படலாம் என்றார். வயிற்றில் புளியைக் கரைத்தது. படம் எடுப்பது, சொந்தப் பொழுதுபோக்காக, சொந்தக் காசில், அதில் பிரச்சினை இல்லை. டிக்கெட் விற்பது, கட்டணம் வாங்குவது, அடுத்தவருக்கு எடுத்துக் கொடுப்பது, அங்கேதான் கோடு. எடுத்து முடித்த படத்தின் உரிமத்துக்கு வரும் தொகையை வேறு மாதிரி வாதிட இடம் இருக்கிறது, ஆனால் அதுவும் சாம்பல் நிறம்தான் என்றார்.

இரண்டையும் வேண்டாம் என்று எழுதினேன். 3,500 டாலர். காசு பெரிதில்லை, கூச்சம்தான் பெரிது. ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள், எனக்கு விசா அப்படி என்று சொல்ல வாய் வரவில்லை. "வேலைப் பளு" என்று எழுதினேன். என்னோடு அதே விழாவில் இருந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். டெரன் மாதிரி அரங்கு பிடித்து டிக்கெட் போட்டு நானே திரையிடுவது என்ற கனவு அன்றோடு முடிந்தது.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. பகுதி நேரமாக இன்னொரு நிறுவனம் உங்களுக்கு இரண்டாவது எச்-1பி மனுப் போடலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் சிறிய கலை அமைப்புகள் அந்தச் செலவுக்குத் தயங்கும். ஓ-1பி என்று கலைஞர்களுக்கான விசா உண்டு. முதல் முறை மூன்று வருடம் வரை தருவார்கள். அதை நீங்களே உங்களுக்காகப் போட முடியாது, ஓர் அமெரிக்க நிறுவனமோ முகவரோ போட வேண்டும். சினிமா, தொலைக்காட்சி என்று போட்டால் அளவுகோல் கடினம், துறைத் தொழிற்சங்கத்தின் கருத்துக் கடிதமும் வேண்டும். பரிசோதனைப் படம் எடுப்பவர்கள் சிலர் பொதுவான கலைப் பிரிவில் போடுகிறார்கள், எது பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். எந்த வழியில் போனாலும் கேட்பது ஆதாரம். விழாக் கையேடு, பத்திரிகைக் குறிப்பு, அழைப்புக் கடிதம், உங்கள் பெயர் அச்சான சுவரொட்டி, எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். இணையத்தில் இருக்கிறதே என்று விடாதீர்கள், சிறிய விழாக்களின் தளம் இரண்டு வருடத்தில் காணாமல் போய்விடும். பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அலுவலக ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலைக்கு வெளியே நீங்கள் உருவாக்குவதன் மேல் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்கிற மாதிரி ஒரு பத்தி இருக்கும். அலுவலக மடிக்கணினியில் படத்தின் ஒரு கோப்பைக்கூடத் திறக்காதீர்கள்.

நியூயார்க் பவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 2007 முதல் வந்தேறிக் கலைஞர்களுக்கென்று ஒரு வழிகாட்டுத் திட்டம் நடத்துகிறது. அனுபவமுள்ள ஒருவரை உங்களுக்குத் துணையாகத் தருவார்கள். நான் அதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அதன் தேவை ஏறக்குறைய முடிந்திருந்தது. நீங்கள் முதலிலேயே பாருங்கள்.

விழாக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் 30 முதல் 80 டாலர் வரை கேட்பார்கள், சேர்ந்தால் ஆயிரங்களில் போகும். எனக்கு 1,500 டாலருக்கு மேல் போனது. மாதாமாதம் விருது கொடுக்கிற, அரங்கம் எது என்றே சொல்லாத "சர்வதேச விழா"க்கள் நிறைய. பரிசுச் சின்னத்தைப் படமாக அனுப்பி, கோப்பை வேண்டுமென்றால் தனியாகக் காசு என்பார்கள். போன வருடம் எந்த அரங்கில், எந்தத் தேதியில், என்னென்ன படம் போட்டார்கள் என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் காசு கட்டாதீர்கள். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டு எழுதினால் சிலர் தருவார்கள், கேட்பதில் வெட்கமில்லை. முழுப் படத்தையும் யூடியூபில் போட்டுவிட்டு விழாவுக்கு அனுப்பாதீர்கள், பல விழாக்கள் எடுத்துக்கொள்ளாது. அவ்வளவுதான்.

சரி, விநியோகஸ்தர் கதை. 2017இல் ஒரு விழாவுக்குப் பிறகு இனிக்க இனிக்க ஒரு மின்னஞ்சல். உங்கள் படம் எங்களை உலுக்கிவிட்டது, உலகம் முழுக்க நாங்கள் கொண்டுபோகிறோம் என்று. சிறிய நிறுவனம், பெயரைச் சொல்லப்போவதில்லை. என் நிலைமைக்கு அது சரியான வழியாகத் தோன்றியது. நான் டிக்கெட் விற்க முடியாது, கட்டணம் வாங்க முடியாது. உரிமத்தைக் கொடுத்துவிட்டால் வேலையெல்லாம் அவர்களுடையது, எனக்கு வருவது உரிமைத்தொகை மட்டும். அதாவது என் விசாதான் என்னை அவர்களிடம் தள்ளிக்கொண்டு போனது. இந்த நிலைமையில் இருக்கும் ஆட்களை அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் பட்டியலில் இருந்த இயக்குநர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்.

ஒப்பந்தம்: உலகம் முழுக்க, எல்லா ஊடகமும், அவர்களுக்கு மட்டும், ஏழு வருடம். வருமானத்தில் அவர்கள் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தில் பாதி எனக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. படத்தை ஒப்படைக்க ஒரு பட்டியல் தந்தார்கள்: திரையரங்கத்தில் ஓட்டுவதற்கான டிசிபி என்ற டிஜிட்டல் பிரதி, திரையில் எழுத்தில்லாத பிரதி, தனி வசனத் தடம், ஆங்கிலத் துணைவரிகள், சுவரொட்டி, இசை உரிமைக் கடிதங்கள். இதைத் தயாரிக்க மட்டும் இன்னொரு 2,000 டாலர். இசை உரிமையில்தான் அடி விழுந்தது. டாக்சி ஓட்டும் ஒருவர் அதிகாலையில் பாலத்தைக் கடக்கும்போது ஒரு பழைய சினிமாப் பாட்டைத் தானாக முணுமுணுப்பார். ஒலிப்பதிவு எதுவும் ஓடவில்லை, வெறும் வாய். ஆனால் பாட்டின் மெட்டுக்கும் வரிக்கும் உரிமையாளர் உண்டு, முணுமுணுத்தாலும் அதற்கு அனுமதி வேண்டும். அசல் ஒலிப்பதிவு ஓடியிருந்தால் அதற்குத் தனியாக இன்னொன்று. யாரிடம் கேட்பது என்று தேடிச் சென்னைக்கும் இங்குமாகப் பல மாதம் எழுதினேன். மூன்று பேர் தங்களுடையது என்றார்கள். காட்சியை வெட்டினேன். இப்போதெல்லாம் யாராவது கேமரா முன்னால் பாட ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுகிறேன். நாட்டுப்புறப் பாட்டு, தேவாரம், தாலாட்டு என்றால் பாடவிடுகிறேன். சினிமாப் பாட்டு இல்லாமல் ஒரு தமிழனைப் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எடுத்துப் பார்த்தால் தெரியும்.

முதல் கணக்கு வந்தது. வருமானம் 212 டாலர், செலவு 3,800 டாலர். என்ன செலவு என்றால் "சந்தைப்படுத்தல்". இரண்டாவது கணக்கு வரவில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. படம் மட்டும் நான் கேள்விப்படாத தளங்களில் விளம்பர இடைவேளையோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஒருவர் தன் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார். விநியோகஸ்தரிடம் கேளுங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் அவருக்கும் பதில் போடவில்லை. 2020இல் அரங்குகள் எல்லாம் மூடி, சிறிய அமைப்புகள் எல்லாம் இணையத் திரையிடலுக்குப் படம் தேடி அலைந்த நேரத்தில், இரவுத் தொழிலாளர்களைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், என் படத்தைக் காட்டக் கேட்டவர்களுக்கெல்லாம் முடியாது என்று எழுதிக்கொண்டிருந்தேன். என் படத்தில் இருந்த அதே உணவகங்கள், அதே டாக்சிக்காரர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

வெளியே வந்தது வாலண்டியர் லாயர்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ் மூலம். 1969 முதல் நியூயார்க்கில் இயங்கும் அமைப்பு. வருமானம் குறைந்த கலைஞர்களுக்கு இலவச உதவி, என்னைப் போல மாதச் சம்பளக்காரர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் ஆலோசனை. அங்கே கிடைத்த ஆலோசனையை வைத்து ஒரு வழக்கறிஞரைப் பிடித்தேன். அவர் ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, படத்தைக் காப்புரிமை (காபிரைட்) அலுவலகத்தில் பதிவு செய்தாயா என்பது. செய்திருந்தேன், விழாவுக்கு அனுப்பும் முன்பே. இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எடுத்த நொடியிலேயே காப்புரிமை உங்களுடையதுதான், ஆனால் அமெரிக்காவில் நீதிமன்றத்தில் உங்கள் கைக்குப் பலம் கொடுப்பது பதிவு. மீறலுக்கு முன்பே, அல்லது வெளியான மூன்று மாதத்துக்குள் பதிந்திருந்தால்தான் சட்டம் நிர்ணயித்த இழப்பீட்டையும் வழக்கறிஞர் செலவையும் கேட்க முடியும். அந்தத் தொகை வேண்டுமென்றே செய்த மீறலுக்கு ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை போகலாம். பதிவுக் கட்டணம் 65 டாலர், ஒரே ஆள் தனக்காகவே எடுத்த ஒரே படைப்பு என்றால் 45. படம் முழுக்கச் செலவழித்ததில் இதைவிட மலிவானது இல்லை.

கணக்கு அனுப்பாதது ஒப்பந்த மீறல், இத்தனை நாளில் சரிசெய்யாவிட்டால் உரிமம் முடிந்தது, அதற்குப் பிறகும் ஓட்டினால் காப்புரிமை மீறல் என்று கடிதம் போனது. பதில் வரவில்லை. பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக நீக்கல் கோரிக்கை, பதிவு எண்ணோடு. தளங்கள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டன. கடைசியில் அந்த நிறுவனமே ஒரு வரியில் உரிமத்தைத் திருப்பித் தருவதாக எழுதியது. பணம் ஒரு காசு வரவில்லை. வழக்கறிஞருக்கு 1,800 டாலர் கொடுத்தேன். ஏறக்குறைய மூன்று வருடம் படம் முடங்கிக் கிடந்தது.

இப்போது யார் ஒப்பந்தம் நீட்டினாலும் நான் பார்ப்பது இவைதான். காலம் இரண்டு மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. எல்லா ஊடகமும் என்று மொத்தமாகக் கொடுப்பதில்லை. கல்வி நிறுவனங்கள், அரங்கு, இணையம் எல்லாம் தனித்தனி, வகுப்பறைத் திரையிடல் எப்போதும் என் கையில். செலவுக்கு எண்ணில் எழுதிய உச்சவரம்பு, அதைத் தாண்ட என் எழுத்துச் சம்மதம். கணக்கு ஒரு தடவை தவறினால் 30 நாள் அவகாசம், பிறகு உரிமம் தானாகத் திரும்பிவிட வேண்டும், நான் யாரையும் துரத்தக் கூடாது. நிறுவனம் திவாலானாலும் மூடினாலும் என்ன ஆகும் என்று ஒரு வரி. கணக்குப் புத்தகத்தைப் பார்க்க எனக்கு உரிமை. முதன்மைப் பிரதியைக் கொடுப்பதில்லை, நகல்தான். இதையெல்லாம் கேட்டால் ஓடிவிடுவார்களோ என்று பயமாக இருக்கும். ஓடுகிறவர்கள் ஓடட்டும். அவர்கள் பட்டியலில் உள்ள இரண்டு இயக்குநர்களுக்கு எழுதி, ஒழுங்காகக் கணக்கு வருகிறதா என்று கேளுங்கள். இயக்குநர்கள் இதற்கு மறைக்காமல் பதில் சொல்வார்கள், பலருக்கு யாராவது கேட்க மாட்டார்களா என்று இருக்கும்.

மேகாஸும் நண்பர்களும் 1962லேயே இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். கோஆபரேட்டிவில் படத்தின் உரிமை எடுத்தவருடையது. அவர்களுக்கு மட்டும்தான் தர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, நல்ல படம் கெட்ட படம் என்று தேர்வு செய்வதும் இல்லை. வாடகைக்குப் போனால் இயக்குநருக்குப் பங்கு. பெரிய காசு வராது. ஆனால் உங்கள் படம் உங்களுக்கே எட்டாமல் போகாது. மைக்ரோசினிமா என்கிற சிறிய அரங்குகளும் அப்படித்தான். வில்லியம்ஸ்பர்க்கில் ஸ்பெக்டகில் தியேட்டர் தன்னார்வலர்களால் ஓடுகிறது, ரிட்ஜ்வுட்டில் யூனியன்டாக்ஸ் இருக்கிறது, 16 எம்எம் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் புரூக்ளினில் மோனோ நோ அவேர் இருக்கிறது. 40, 50 பேர் உட்காரும் இடம். ஆனால் முடிந்ததும் யாரும் எழுந்து போக மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். ஆண்டுக்கணக்கில் விளம்பரங்களுக்கு நடுவே ஓடியபோது யார் பார்த்தார்கள் என்றே தெரியாத படத்துக்கு, ஒரே இரவில் எதிரில் இருந்து கேள்வி வரும்போது வருகிற தெம்பு வேறு.

2021இல் கிரீன் கார்டு வந்தது. இந்தியாவில் பிறந்த நமக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று தெரியும். அதற்குப் பிறகு முதன்முதலாக ஒரு திரையிடல் கட்டணத்துக்கு வேண்டாம் என்று எழுதாமல் வங்கிக் கணக்கு எண்ணை எழுதினேன். 250 டாலர். வரிக் கணக்கில் அதைக் காட்டவும் வேண்டும், மறந்துவிடாதீர்கள், கூடவே படத்துக்கான செலவுச் சீட்டுகளையும் பத்திரமாக வையுங்கள். முறையான தொழிலாக நடத்துகிறீர்களா, பொழுதுபோக்காகவா என்பதைப் பொறுத்துத்தான் செலவைக் கழிக்க முடியும், அதை ஒரு வரிக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முகமில்லாமல் எடுத்த அந்தப் படத்தின் மூலக் கோப்புகள் இப்போது மூன்று பிரதியாக இருக்கின்றன, ஒன்று வீட்டுக்கு வெளியே. ஹார்டு டிரைவ்களை வருடத்துக்கு ஒரு முறையாவது செருகி ஓடுகிறதா என்று பார்க்கிறேன், ஐந்தாறு வருடத்தில் புதிதுக்கு மாற்றுகிறேன். ரிலீஸ் படிவங்கள் தனி உறையில், பாட்டு உரிமை பற்றிய கடிதங்கள் இன்னொன்றில், காப்புரிமைச் சான்றிதழ் மேலே. அந்த அண்ணருக்கு மட்டும் எந்த உறையும் இல்லை. இப்போது கனடாவில் இருக்கிறார், அவரிடம் காகிதமும் இருக்கிறது. பெயரைப் போடலாமா அண்ணே என்று போன வருடம் கேட்டேன். "பிறகு பாப்பம் தம்பி" என்றார்.